அப்பாவுக்குக் கொடுத்த துத்தநாகம்

அம்மா குடல் புற்றுநோயில் போன பிறகு அப்பா சாப்பிட்டதெல்லாம் வெள்ளைச் சோறு, ரசம், பால் ஊற்றாத தேநீர், அதில் தோய்த்த பிஸ்கட். மீனோ கறியோ வைத்தால் ஒரு வாய் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். "நாக்குல ஒன்னும் தெரியல" என்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் குரல் கேட்டால் நாங்கள் நாற்காலியை இழுக்கும் சத்தம்கூட வராமல் எழுந்து நிற்போம். அப்படிப்பட்ட மனிதர் ஜன்னலோரம் சுருண்டு கிடந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்காவுக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டாள்; அதன் பிறகு திரும்பிப் போகவில்லை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். விடியும் முன் கம்பெனி பஸ் ஏறினால், ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவேன். பகல் முழுவதும் அப்பாவும் அக்காவும் மட்டும்.

அப்பாவின் குதிகாலில் ஒரு புண் இருந்தது. செருப்பு கடித்த புண்தான், ஆனால் வாரக்கணக்கில் ஆறவில்லை. சர்க்கரை வியாதியாக இருக்குமோ என்று கிளினிக்கில் சோதித்தார்கள், இல்லை. அந்தச் சமயத்தில் அக்காவின் பழைய தோழி ஒருத்தி அவளை ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த ஆரோக்கியச் சொற்பொழிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று பேச ஆரம்பித்தாள்.

"அம்மா எதனால செத்தாங்கன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் டிஎன்ஏ இருக்குல்ல, நூல் மாதிரி? அது தெனமும் அங்கங்க அறுந்துகிட்டே இருக்குமாம். உடம்பே அத ஒட்டிக்கிட்டும் இருக்குமாம். அந்த ஒட்டுற வேலைக்கு சிங்க் வேணும். சாப்பாட்டுல சிங்க் இல்லன்னா அறுந்தது அறுந்தபடியே கெடக்கும். அப்பறம் என்ன, கேன்சர்தான்."

அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார். "சிங்கா? கூரைக்குப் போடுறதா?"

எங்கள் ஊரில் தகரக் கூரைக்குச் சிங்கு என்றுதான் பெயர். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "கூரைக்குப் போடுறதுதான். ஒங்க ஒடம்புல அது இல்லாமத்தான் எல்லாம் ஒழுகுது" என்றாள்.

அவள் சொன்னதைக் கைப்பேசியில் தேடிப் படித்தேன். முழுப் பொய் இல்லை. சிதைந்த டிஎன்ஏவைச் சரிசெய்கிற புரதங்கள் சிலவற்றுக்குச் சிங்க், அதாவது துத்தநாகம், வேண்டும். சாப்பாட்டில் அது வெகுவாகக் குறைந்தால் சேதம் கூடும், புண் ஆறாது, நாக்கில் ருசி போகும். அம்மாவுக்கு நோய் வந்ததற்கு அதுதான் காரணம் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. அக்கா மண்டபத்தில் கேட்டதோடு அம்மாவைத் தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

மறுநாளே அவள் பாசாருக்குப் போய் நண்டும் சிப்பியும் வாங்கி வந்தாள். கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தாள். பூசணி விதையை வறுத்து டப்பாவில் போட்டாள். சாப்பாட்டோடு தேநீர் கூடாது, அது சத்தை இறங்க விடாது என்று அப்பாவின் கோப்பையை எடுத்து உயரமான அலமாரியில் வைத்தாள். அப்பா முனகினார், ஆனால் சாப்பிட்டார். கொஞ்ச நாளில் குதிகால் புண் மூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டுக் குழம்பைத் தொட்டுக்கொண்டு, "உப்பு கூடப் போச்சு" என்றார். அம்மா இறந்த பிறகு அவர் ஒரு ருசியைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த இடத்தில் அக்கா நிறுத்தியிருந்தால் அப்பா இன்றைக்கும் தன் காலில் நடந்து கீழே போய் நாளிதழ் வாங்கி வருவார்.

மாத்திரைப் பாட்டில் எப்போது வீட்டுக்குள் வந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. தோழி மூலமாக வந்தது. பெரிய வெள்ளைப் பாட்டில், மேலே முறுக்கிக்கொண்டு ஏறும் டிஎன்ஏ படம். நாளுக்கு ஒன்று என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. அக்கா தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பொழுது சாய்ந்தால் ஒன்று. பிறகு அதையும் கூட்டினாள்.

"ஒனக்கு ஒன்னு, அவருக்கு மட்டும் எதுக்கு இத்தன?" என்று கேட்டேன்.

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலேயே சொன்னாள்: "என்னோடது இன்னும் நல்லாத்தான் இருக்கு. அவருதுதான் அறுந்து கெடக்கு. அதுல பாதி எங்கிட்டயும் இருக்குன்னு நெனச்சாலே எனக்கு ஒடம்பு கூசுது."

அப்போதுதான் இது அம்மாவைப் பற்றிய விஷயம் இல்லை என்று எனக்கு லேசாகத் தோன்றியது.

வெறும் வயிற்றில் போட்டால் நன்றாக ஏறும் என்று அந்தத் தோழி சொல்லியிருந்தாள். ஆகவே பசியாறுவதற்கு முன்பே அக்கா அப்பாவின் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவாள். ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் தண்ணீர். அவர் விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்ப்பாள். சற்று நேரத்தில் அப்பாவின் முகம் சாம்பல் நிறமாகும். குளியலறைக்கு ஓடுவார். உள்ளே ஓங்கரிக்கும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். வெளியே வந்ததும் கதவருகே அக்கா இன்னொரு மாத்திரையோடு நிற்பாள்.

"வெளிய வந்துருச்சுல்ல? அப்ப இன்னொன்னு போடணும்."

"வேணாம்மா. கொடலையே பொரட்டுது."

"பொரட்டட்டும். வாயத் தெறங்க."

என் விடுமுறை நாளில் இதை நேரில் பார்த்தேன். அவள் கையைத் தட்டிவிட்டேன். மாத்திரை சோபாவுக்கு அடியில் உருண்டது. அக்கா குனிந்து அதைத் தேடி எடுத்து, ஊதி, அப்பாவிடம் நீட்டினாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு வாங்கி விழுங்கினார்.

ஒருநாள் நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கீழே குப்பைத் தொட்டியில் போட்டேன். வேலை முடிந்து வந்தபோது மேசையில் புதுப் பாட்டில் இருந்தது. அக்கா, "நீதான் தூக்கிப் போட்டியாமே" என்றாள். காட்டிக்கொடுத்தது அப்பா. ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா குளிக்கப் போயிருந்த நேரம் அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். "ஒங்களுக்காகத்தான பண்றேன்? எங்கிட்டயே இப்படியா?"

அப்பா மெதுவாகச் சொன்னார். "அவ கோவத்த நீ பாத்தது இல்ல. அது எங்கிட்ட இருந்து போனதுதான்." பிறகு, "நான் குடுத்தத அவ தின்னா. இப்ப அவ குடுக்கறத நான் திங்கறேன். நீ உள்ள வராத" என்றார்.

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா ஒரு மத்தியானம் என்னிடம் சொல்லியிருந்தார். நான் பிறப்பதற்கு முந்திய கதை. அக்காவுக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளாது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தால் அப்பாவுக்குப் பொறுக்காது. காய்ச்சலோடு இருந்த ஒருநாள் அக்கா மீனை வாந்தி எடுத்துவிட்டாள். நடிக்கிறாள் என்று சொல்லி அப்பா அதே சட்டியிலிருந்து இன்னொரு துண்டு எடுத்து வைத்தார். அதையும் வாந்தி எடுத்தாள். மறுபடியும் வைத்தார். அவள் தின்று முடிக்கும் வரை இடுப்பு வாரை மேசையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். "நான் ஒன்னும் சொல்லல. சொல்லியிருந்தா எனக்கும் விழுந்திருக்கும்" என்றார். அதற்கப்புறமும் அக்கா வீட்டில் மீன் தின்றுகொண்டுதான் இருந்தாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் மீனை மெல்லாமல் விழுங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை தொடங்கி இரண்டாவது தீபாவளி வருவதற்குள் அப்பாவின் நடை மாறிவிட்டது. செருப்பு காலிலிருந்து கழன்று பின்னால் கிடக்கும். அது தெரியாமல் அவர் ஒரு செருப்போடு நடந்துகொண்டிருப்பார். கால் எங்கே படுகிறது என்று குனிந்து பார்த்துப் பார்த்து வைப்பார். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடிச் சுவரைப் பிடிப்பார். உதடு வெளுத்துப்போய் இருந்தது. பாதம் பஞ்சில் வைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

"நடிக்காதீங்க" என்றாள் அக்கா. எந்தக் குரலில் அதைச் சொன்னாளோ, அந்தக் குரலை நான் அவளிடம் அதற்கு முன்பு கேட்டதில்லை. ஆனால் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அப்பா வர மறுத்தார். வயசாச்சு, நரம்புத் தளர்ச்சி, எல்லாருக்கும் வருவதுதான் என்றார். அக்கா, டிஎன்ஏ சரியாகிறபோது முதலில் இப்படித்தான் உடம்பு காட்டும் என்று தோழி சொன்னதைச் சொன்னாள். இன்னும் ஒரு மாத்திரை கூடியது.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே ரொட்டியும் தேநீரும் விற்கும் ஒரு மாமாக் கடை உண்டு. மிஞ்சிப்போனால் அங்கேதான் அப்பா தப்பித்துப் போவார். ஒரு சனிக்கிழமைக் காலை நான் ரொட்டி சானாய் வாங்க இறங்கியபோது மூலை மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் நுரை ததும்ப ஆற்றிய பால் தேநீர், ஒரு கிளாஸ் தே தாரிக். என்னைப் பார்த்ததும் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். இரண்டு மிடறு குடித்திருப்பார். மின்தூக்கியிலிருந்து அக்கா வந்தாள்.

மேசைக்கு வந்து கிளாஸை எடுத்து, அப்படியே வடிகாலில் ஊற்றினாள். சுற்றிலும் இருந்த மேசைகளில் தலைகள் திரும்பின. தே கலக்கிக்கொண்டிருந்த கடைக்காரர், "என்னாக்கா, பாவம்லா வயசானவரு, ஒரு தேதான?" என்றார்.

"ஒங்க வேலையப் பாருங்க அண்ணே." பிறகு அப்பாவிடம், "எழுந்திரிங்க. மேல மாத்திர காத்துக்கிட்டு இருக்கு."

அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஓர் அடி எடுத்து வைத்தார். பாதம் தரையில் படவில்லை, பக்கவாட்டில் மடங்கியது. அவர் மேசையோடு சேர்ந்து விழுந்தார். சாம்பார்க் கிண்ணம் சட்டையில் கவிழ்ந்தது. வேட்டி நனைந்தது, அது சாம்பாரால் அல்ல என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "போதும் நாடகம். எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். சொல்லிவிட்டு மின்தூக்கிப் பக்கம் நடந்தாள். கதவு திறந்தது, ஏறினாள், கதவு மூடியது. நானும் கடைக்காரரும்தான் அப்பாவைத் தூக்கினோம். அவர் உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. "அவள ஒன்னும் சொல்லாத" என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்படிக் கேள்விப்பட்டாளோ, அக்காவும் பின்னாலேயே வந்துவிட்டாள். எங்களைப் பார்த்தது ஒரு தமிழ் டாக்டர், என் வயசுப் பெண். ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, வெள்ளை அணுக்களும் குறைவு என்றார். கண்ணை மூடச் சொல்லி அப்பாவின் கால் கட்டை விரலை மேலும் கீழும் அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"என்னென்ன மருந்து எடுக்கறாரு அங்கிள்?"

"ஒன்னும் இல்ல" என்றாள் அக்கா. "மருந்தே குடுக்கறது இல்ல நான்."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது மருந்து இல்லை, சாப்பாடு. என்றைக்காவது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று என் பையிலேயே வைத்திருந்த ஒரு பழைய பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார். தினமும் எத்தனை, எவ்வளவு காலமாக என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

இன்னொரு ரத்தச் சோதனை அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். உடம்பில் செம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. துத்தநாகம் குடலில் மிதமிஞ்சி வந்துகொண்டே இருந்தால் செம்பை உள்ளே விடாது. செம்பு இல்லாமல் ரத்தம் ஊறாது, தண்டுவட நரம்பு கெடும்.

அக்கா விடவில்லை. "சிங்க் டிஎன்ஏவுக்கு வேணுமா வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

"வேணும்க்கா. இல்லாமப் போனா ஒடஞ்சத உடம்பால சரியா ஒட்ட முடியாது. ஆனா அதுக்கு நீங்க நண்டும் கடலையும் குடுத்தீங்களே, அதுவே போதும். புண்ணு ஆறுச்சுல்ல? அதுக்கு மேல குடுத்தா ஒட்டுற வேல வேகமா நடக்காது. வேற எடம் ஒடையும்."

"கால் எப்ப சரியாகும்?"

டாக்டர் அப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "ரத்தம் ஏறிரும் அங்கிள். கால் பழையபடி வரும்னு என்னால சொல்ல முடியாது. இதுக்கு மேல மோசமாகாமப் பாத்துக்கலாம்."

அப்பா தலையாட்டினார். ஏதோ தீர்ப்பை எதிர்பார்த்து வந்து, அதையே கேட்டுக்கொண்டவர் மாதிரி இருந்தது. அக்கா டாக்டரின் மேசையில் இருந்த பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தேன்.

"இப்பயாவது அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லு."

"அவரு சொன்னாரா?" என்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "ஒருநாளாவது சொன்னாரா எங்கிட்ட?"

அந்த மாதமே அவள் சிம்பாங் அம்பாட்டில் ஒரு வீட்டில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. நான் பகல் வேலையை விட்டு இரவு வேலைக்கு மாறினேன். பக்கத்து வீட்டம்மா இரவில் வந்து படுத்துக்கொண்டார். செம்பு மருந்து கொடுத்ததில் அப்பாவின் உதட்டுக்கு நிறம் திரும்பியது. கால் திரும்பவில்லை. நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போவார், வருவார்.

நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நடந்தது அதைவிட மோசம். நான் கொடுக்கும் சோறு குழைந்துவிட்டது என்பார். தேநீர் கொடுத்தால் பாதி குடித்து வைத்துவிடுவார். "அக்கா எப்ப வரும்?" என்று காலையிலும் சாயந்தரமும் கேட்பார். ஒருநாள் தாங்க முடியாமல், "ஒங்க கால எடுத்தது அவதான்" என்று கத்தினேன்.

"கையால ஊட்டுனாளே" என்றார் அப்பா. "தெனமும் என் முன்னால ஒக்காந்தா. நீ எங்க ஒக்காந்த?"

நான் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கொண்டிருந்தேன். அவர் பாதி குடித்து வைத்த கோப்பையை எடுத்துப் போய்க் கழுவினேன்.

பல மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் அக்கா வந்தாள். கையில் ஆரஞ்சுப் பழப் பை. உடம்பு இளைத்திருந்தாள். அப்பா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் காலடியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன், யாரும் தொடவில்லை.

"கால்ல உணர்ச்சி இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் அவருடைய வலது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டை விரலுக்குக் கீழே இருந்த மெல்லிய தோலை நகத்தால் கிள்ளினாள். அப்பா முகம் மாறவில்லை. இன்னும் அழுத்தினாள். அவளுடைய உதடு இறுகியது, விரல் நுனி வெளுத்தது. நான் "அக்கா" என்றேன். அப்பா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், சும்மா இரு என்று. நகத்துக்குக் கீழே ரத்தம் கசிந்தது. அவர் தன் காலைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? அமுத்து. இன்னும் நல்லா அமுத்து."

அவள் கையை எடுத்தாள். விரலில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள், பாவாடையில் துடைத்தாள். அவருடைய காலை மடியிலிருந்து இறக்கவில்லை. நான் மருந்துப் பெட்டியைத் தேடி உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவள் ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாக அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். புளிப்பான பழம் போலிருக்கிறது, அவர் கண் சுருங்கியது. ஆனாலும் வைத்ததையெல்லாம் விழுங்கினார்.